சத்தி: இல்லை

புதன்கிழமை, காலை பத்து இருபது. கைபேசித் திரையில் முதலில் தெரிந்தது ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி. பிறகு வானம். பிறகு ஓர் ஆணின் காது, மிக அருகில்.

"தெரியுதுங்களா சிஸ்டர்?" என்று கேட்டார் காதின் சொந்தக்காரர்.

"காதைக் காட்டாதேங்கோ ஆரோக்கியம். போனை முகத்துக்கு முன்னால பிடியுங்கோ," என்றேன்.

ஆரோக்கியம் மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி. அவர் குடியிருந்த லயத்துக்குள், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், சிக்னல் வராது. மேலே தண்ணீர்த் தொட்டியடிக்கு ஏறினால்தான் வரும். கண்டியில் நான் வேலை செய்த ஆஸ்பத்திரியின் சிறு அறையொன்றில் நானும் எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் பர்ஹானாவும் ஒரே கைபேசியின் மேல் குனிந்து நின்றோம். அந்த அழைப்பு பதினொரு நிமிடம் நீடித்தது.

நான் ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த அறையை இப்போது கலைவாணி நடத்துகிறார். புசல்லாவையில் பிறந்தவர், என்னோடு ஏழு வருடம் வேலை செய்த தாதி. உடல் எடையைக் குறைக்கச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களை வீடு போன பிறகு தொலைபேசியில் பின்தொடர்வது அவருடைய பொறுப்பு. இனி அந்தக் கேள்விகளைச் செயலி ஒன்றின் வழியே அனுப்பப் போகிறார்கள். "தமிழ் சரியான்னு ஒருக்கா பார்த்துத் தாங்க சிஸ்டர்" என்று வரைவை எனக்கு அனுப்பியிருந்தார். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. திருத்தினேன். ஏழாவது கேள்வியைத் திருத்த ஒரு கோடு போதாது என்று பட்டதால் இதை எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வடமராட்சியில் பிறந்தேன். தாதிப் பயிற்சிக்கு முன் இரண்டு வருடம் ஒரு நாளிதழில் அச்சுப் பிழை பார்க்கும் ஒப்புநோக்குநராக இருந்தேன். ஒருவர் சொன்ன சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டால் அதில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்று அங்கே படித்தேன். பிறகு கண்டிக்கு வந்தேன். கல்யாணமும் இங்கேயே ஆனது. சத்திரசிகிச்சை வார்டுகளிலேயே தலை நரைத்தது. கடைசி எட்டு வருடம் டொக்டர் பர்ஹானாவின் பிரிவில்.

டொக்டர் கம்பளைக்காரர். கட்டையான, வேகமாக நடக்கிற பெண். கோபம் வந்தால் குரல் தணியும். இரைப்பையின் பெரும் பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்து, மிச்சத்தை ஒரு குழாய் போல ஆக்குவது அவர் செய்கிற சத்திரசிகிச்சை. அது முடிய ஒன்றரை மணித்தியாலம் போதும் என்பார். "மிச்ச ரெண்டு வருஷம் உங்கட வேல சிஸ்டர்." வந்தவர்களில் பலர் தூரத்து ஆட்கள். மலைப் பாதையில் இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, ஐந்து நிமிடம் கிளினிக்கில் உட்கார ஒருவரும் வாரா வாரம் வரமாட்டார்கள். அதனால்தான் அந்த அறையும் கைபேசியும், நோயாளர் சொன்னதை எழுதி வைக்கும் நீள அட்டைக் கொப்பியும்.

வீடு போகும் ஒவ்வொருவருக்கும் டொக்டர் தன் கையால் ஒரு சின்ன மருந்துக் கிண்ணம் கொடுப்பார். முப்பது மில்லிலீற்றர் பிடிக்கும். "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்க எங்களுக்கு அனுமதி இல்லை. "கிண்ணத்தில எத்தனை?" என்றுதான் கேட்க வேண்டும். கோப்பை என்றால் கண்டியில் ஓர் அளவு, தோட்டத்தில் ஓர் அளவு, கம்பளைக் கடையில் இன்னோர் அளவு. கிண்ணம் எல்லா ஊரிலும் ஒன்று. "சாப்பிட்டீங்களா?" என்பதும் தடை. தமிழரிடம் அப்படிக் கேட்டால் பசியோடு இருக்கிறவரும் "ஓம், சாப்பிட்டாச்சு" என்பார்; அது மரியாதை.

சில நாள் அவரே பேசுவார். நின்றுகொண்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி. "ஒரு மொடக்குக் குடிங்கோ, நான் கேட்டுக்கொண்டு ஈக்கிறேன்" என்பார். அந்தப் பக்கத்தில் விழுங்கும் சத்தம் கேட்கும். அடுத்த மிடறுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணி, கொப்பியில் எழுதச் சொல்லுவார். அந்த எண்ணிலிருந்து, குழாய் எங்கே ஒடுங்கியிருக்கலாம் என்று அவர் ஊகித்து, பிறகு எண்டோஸ்கோப் என்ற உள்நோக்கி வைத்துப் பார்க்கும்போது அது சரியாக இருந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

கம்பளையில் அரிசிக் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர் எங்கள் நோயாளி. நான்கு மாதமாக எடை அசையவில்லை. கடைத் தராசில் ஏறி நின்று எடுத்த படத்தை வாரா வாரம் அனுப்புவார். டொக்டர் ஒரு நாள் தானே எடுத்துப் பேசினார்.

"ஹாஜியார், நேத்து அஸர் தொழுகைக்குப் பொறகு என்னத்த வாயில வெச்சீங்க?"

"ஒண்டுமில்ல டொக்டர். அல்லாஹ் அறிய."

"சரி. கரண்டிய எங்க வெச்சீங்க?"

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "ப்ரிஜ்ஜுக்குள்ள ஈக்குது டொக்டர், வட்டிலப்பத் தட்டுலயே! கடையில அரிசி மூடையெல்லாம் கொறையுது, இந்த மூட மட்டும் கொறையுதில்ல!"

"அது கருப்பட்டியும் முட்டையும் ஆவியில அவிச்ச சாமான்தானே," என்றார் ஹாஜியார். பிறகு மனைவியிடம் மெதுவாகச் சொன்னதும் எங்களுக்குக் கேட்டது: "இந்த டொக்டருக்குப் போனுக்குள்ள கண் ஈக்குதுடி."

இருந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

வேலையை நாங்கள் இருவரும் பிரித்துக்கொண்டிருந்தோம். தோட்டப்புற நோயாளர் கலைவாணிக்கு. மற்றத் தமிழ் பேசுகிறவர்கள் எனக்கு. சிங்களம் பேசுகிறவர்களை யார் சும்மா இருந்தாலும் எடுப்போம். யாரும் திட்டம் போட்டுப் பிரித்ததல்ல. கலைவாணி தன் ஊர்ப் பேச்சில் கேட்டால் அவர்கள் அதிகம் பேசினார்கள், அவ்வளவுதான்.

ஆரோக்கியத்தின் மனைவி ஸ்டெல்லா கலைவாணியின் பட்டியலில் இருந்தவர். வயது முப்பத்து நான்கு. தோட்டத்துப் பாலர் பாடசாலை ஆசிரியை. நீரிழிவும் எடையும் சேர்ந்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தால் எழும்ப முடியாத நிலையில் வந்தார். "என் வகுப்புல கதிரை கிடையாது டொக்டர். நான் பாயில உக்காரணும், அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்று முதல் நாள் சொன்னதாகக் கோப்பில் இருக்கிறது. சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. முதல் மூன்று வாரமும் கலைவாணி பேசினார். குறை ஒன்றும் இல்லை. நான்காம் வாரம் கலைவாணி பிரசவ விடுமுறையில் போனார். பட்டியல் என் கைக்கு வந்தது.

நான் கேட்ட முறையை அப்படியே எழுதுகிறேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஏழாவது வரி வாந்தி பற்றியது. அதை அவரவர் தமிழில் கேட்பது அவரவர் பாடு. எங்கள் ஊரில் வாந்திக்குச் சத்தி என்றுதான் பெயர். கண்டி முஸ்லிம்களும் சத்தி என்றே சொல்வார்கள். முப்பது வருடம் வார்டில் மலையக மக்களிடமும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வார்டில் "சத்தி வருதோ?" என்று கேட்கும்போது என் கையில் ஒரு கிண்ணம் இருக்கும். அதை அவர்களுடைய நாடிக்குக் கீழே பிடித்துக்கொண்டுதான் கேட்பேன். தொலைபேசியில் கிண்ணம் இல்லை.

"ஸ்டெல்லா டீச்சர், சத்தி இருக்கோ?"

"சத்தியே இல்லைங்க சிஸ்டர்."

மேற்கோள் குறி போட்டு எழுதினேன். பக்கத்தில், படிவத்தின் கட்டத்தில், "சத்தி: இல்லை". அடுத்த வாரம் கேட்டேன். "கொஞ்சங்கூட இல்லைங்க." அதையும் எழுதினேன். கிண்ணக் கணக்கும் சரியாக இருந்தது. தோட்ட மருந்தகத் தராசில் எடை வேகமாக இறங்கியிருந்தது. அதன் பக்கத்தில் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதியவளும் நான்தான். எடை குறைந்தால் மகிழ்வதற்கென்றே அமைந்த பிரிவு அது.

ஆறாம் வாரம், நான் முதலில் சொன்ன புதன்கிழமை, ஒன்பதரைக்கு அழைத்தேன். ஆரோக்கியம் எடுத்தார். தொட்டியடியில் நின்றார்.

"டீச்சரம்மா படுத்திருக்காங்க சிஸ்டர். அலுப்பா இருக்காம்."

"சத்தி எப்பிடி?"

"எங்கங்க! அதுக்குத்தானே நானும் பாடுபடுறேன்." பிறகு சிரித்தார். "இன்னொரு கூத்தக் கேளுங்க. காலையில என்னையப் பார்த்து, 'ஒரு ஆரோக்கியத்தக் கட்டிக்கிட்டே மாரடிக்க முடியல, இப்ப ரெண்டா வந்து நிக்கிறியே'ன்னு திட்டுறா. நான் ரெண்டா தெரியுறேனாம்!"

நானும் சிரித்தேன். வைத்துவிட்டு அடுத்த எண்ணை எடுத்தேன்.

பத்து மணிக்குப் பிறகு, கிளினிக்குக்கு நடுவே, டொக்டர் எங்கள் அறைக்கு வந்து இஞ்சி போட்ட பிளேன்டீ குடிப்பது வழக்கம். குடித்தபடி கொப்பியைப் பார்ப்பார். அன்று அவர் முகம் களைத்திருந்தது. சிரிக்கட்டும் என்று இரண்டு ஆரோக்கியத்தின் கதையைச் சொன்னேன்.

அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

"சிஸ்டர், அத ஒருக்காத் திரும்பச் சொல்லுங்கோ. உங்கட பேச்சில வேணாம். அவர்ட பேச்சில."

சொன்னேன்.

"வீடியோவில எடுங்கோ," என்றார். குரல் தணிந்திருந்தது.

நீலத் தொட்டி, வானம், காது: தண்ணீர் பிடிக்க நின்ற ஆரோக்கியம் இன்னும் தொட்டியடியில்தான் இருந்தார். ஸ்டெல்லாவைத் தொட்டியடிக்குக் கூட்டி வரச் சொன்னோம். தூக்கி வரட்டுமா என்று கேட்டார் ஆரோக்கியம். டொக்டர் ஒரு கணம் யோசித்தார். "இல்ல, மெதுவா நடக்கட்டும். பக்கத்து வீட்டு ஆளுக்கு ஒரு கையப் புடிக்கச் சொல்லுங்கோ. நீங்க போன அவங்கட காலுக்கு நேர புடிங்கோ."

லயத்துப் படிகளில் இரண்டு கால்கள் ஏறி வந்தன. ரப்பர்ச் செருப்பு. ஒவ்வோர் அடியும் அகல வைத்த அடி, பாசி படிந்த கல்லில் நிற்பவர் வைப்பதுபோல. படி காய்ந்திருந்தது.

"தங்கச்சி, இண்டைக்கி என்ன கிழம?"

"ஞாயிறு டொக்டர். பூசைக்கு நேரமாச்சு, இவரு இன்னும் சட்டை மாத்தல."

ஆரோக்கியத்தின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

டொக்டர் அவருடைய விரலைத் தன் விரலாக்கிக்கொண்டார். "ஒங்கட விரல அவங்கட மூக்குக்கு நேர புடிங்கோ. இப்ப மெதுவா வலப் பக்கம். இன்னும். நிப்பாட்டுங்கோ." பக்கத்து வீட்டுப் பெண் கைபேசியை ஸ்டெல்லாவின் முகத்துக்கு அருகே கொண்டுவந்தார். கண்கள் விரலைத் தேடிப் போயின. ஓரம்வரை போகவில்லை. பாதியில் நின்று, சிறு சிறு துடிப்பாய்த் துடித்தன. படம் உறைந்தது, மறுபடி வந்தது. கண்கள் இன்னும் துடித்துக்கொண்டிருந்தன.

"இண்டைக்கி எத்தன தரம் வாந்தி எடுத்தீங்க?"

"காலையில இருந்து நாலு தரங்க," என்றார் ஆரோக்கியம். "ரெண்டு வாரத்துக்கு மேலயே இப்படித்தான். மாத்திரை போட்டாலும் வெளிய வந்துருது."

"ஒவ்வொரு கிழமையும் நான் கேட்டேனே!" என் குரல் உயர்ந்ததை நான் கேட்டேன். "சத்தி இருக்கோ எண்டு கேட்டேனே!"

"கேட்டீங்க சிஸ்டர். அவளுக்கு ஏது சத்தி? எந்திரிச்சு நிக்கவே சத்தி இல்லியே. நீங்க வாரா வாரம் விசாரிக்கிறீங்களேன்னுதான் குளுக்கோஸ் பாக்கெட்டு வாங்கிக் கரைச்சுக் கரைச்சுக் குடுக்குறேன்."

அவர்கள் சக்தியைச் சத்தி என்றார்கள். நான் வாந்தியைக் கேட்டேன். அவர்கள் தெம்பு இல்லை என்று பதில் சொன்னார்கள். நான் அதை ஓர் எழுத்தும் மாறாமல் எழுதி வைத்தேன்.

இங்கே மருத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வாரக் கணக்கில் வாந்தி எடுத்தால் பி-ஒன் என்ற விற்றமின், தயமின், உடம்பில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் முதலில் கண், பிறகு நடை, பிறகு நினைவு. உடனே ஊசியாகக் கொடுத்தால் திரும்பும். தாமதித்தால் நினைவு திரும்பாமலே போகலாம். அந்த நிலையில் சீனியோ குளுக்கோசோ உள்ளே போனால், மிஞ்சியிருக்கிற கொஞ்ச பி-ஒன்னையும் அது தின்றுவிடும். ஆரோக்கியம் அன்போடு கரைத்துக் கொடுத்தது அதைத்தான்.

"குளுக்கோஸ இப்பவே நிப்பாட்டுங்கோ. சீனி போட்ட தேத்தண்ணியும் வேணாம். ஆட்டோ புடிச்சுக் கீழ ஆஸ்பத்திரிக்கிப் போங்கோ. நான் அவங்களுக்குச் சொல்றேன். நீங்க ஒண்டும் பிழ செய்யல்ல," என்றார் டொக்டர். கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொன்னார்.

மலையடியில் ஒரு சிறிய அரச ஆஸ்பத்திரி. அங்கிருந்த இளம் வைத்தியரோடு டொக்டர் சிங்களத்தில் பேசியது ஒரு நிமிடமும் இராது. முதலில் தயமின் ஊசி, அதன் பிறகுதான் சேலைன்; குளுக்கோஸ் சேலைன் வேண்டாம். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைத்தார். ஊசி கையிருப்பில் உண்டா என்று கேட்டு, "இருக்கும்" என்ற பதிலை ஏற்காமல், ஒருவர் அலுமாரியைத் திறந்து எண்ணி வரும்வரை தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு குப்பி இருந்தது. அன்றைக்குப் போதும்.

ஆரோக்கியம் ஆட்டோவில் ஏறியதும் நான் மறுபடி அழைத்து, அவரோடு இணைப்பிலேயே இருந்தேன். வளைவுகளில் குரல் அறுந்தது; நேர்ப்பாதையில் திரும்பியது. ஒரு வளைவுக்குப் பிறகு, "சிஸ்டர், என் பேரைக் கேட்டா. சொன்னேன். மறுபடி கேக்குறா," என்றார். அடுத்த வளைவில் அறுந்தது. பதினொன்று பத்துக்கு ஊசி போட்டார்கள் என்று தகவல் வந்தது. பின்னேரம் அம்புலன்ஸில் கண்டிக்கு வந்து சேர்ந்தார்கள். உள்நோக்கியில் பார்த்தபோது குழாயின் நடுப்பகுதி ஒடுங்கியிருந்தது. டொக்டர் அதை விரித்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஸ்டெல்லாவின் கண் நேராயிற்று. நடை வர நெடுநாள் ஆனது. முதலில் நடைச் சட்டகம், பிறகு கைத்தடி, பிறகு ஆரோக்கியத்தின் தோள். நினைவைப் பற்றி எவரும் உறுதி சொல்லவில்லை.

நடந்ததை அறிக்கையாக எழுதிக் கையெழுத்திட்டு டொக்டரின் மேசையில் வைத்தேன். இடமாற்றத்துக்குக் கேட்டு இன்னொரு கடிதமும் வைத்தேன். அவர் அறிக்கையை வாசித்தார். என் கொப்பியைக் கேட்டு வாங்கி, அந்த வாரங்களின் பக்கங்களைத் திறந்து, "சத்தியே இல்லைங்க" என்ற வரியில் விரலை வைத்தார்.

"இந்த 'ஏ'யப் பாருங்கோ சிஸ்டர். வாந்தி இல்லாத மனுஷி இப்பிடிச் சொல்லுவாவா? இது ஒரு கவலைப்பட்ட மனுஷிட பேச்சு. நீங்க சுருக்கி எழுதியிருந்தா எனக்கு இது தெரிய வந்திராது."

"நான் எழுதினேன். வாசிக்கேல்லை டொக்டர்."

"கொப்பிய நானுந்தான் பார்த்தேன். எனக்கும் சத்தியெண்டா வாந்திதான்." இடமாற்றக் கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். "நீங்க போனா, இந்தப் பிழை தெரிஞ்ச ஒரே சிஸ்டரும் போயிருவாங்க."

அறிக்கையின் கீழே தன் கையால் நான்கு சொல் எழுதினார்: கேள்வி பிழை. பதில் சரி. மாதாந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, அதை என் பெயரில் சொல்லாமல் தன் பெயரில் சொன்னார். ஏழாம் வரிக்குத் தமிழ்ச் சொல் வைக்காமல் படிவத்தை அச்சடித்தது தன் பிழை என்றார். எட்டு வருடத்தில் அவர் சத்திரசிகிச்சை செய்ய நான் எத்தனையோ முறை பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவருடைய கை அன்று போல உறுதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு அவர் சொற்களைச் சேர்க்கத் தொடங்கினார். வார்டில் சுத்தம் செய்கிறவரிடம், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம், ஹாஜியாரின் மனைவியிடம். சத்தி, வாந்தி, கக்கல், ஓங்காளம் என்று ஒரு தாள் நிறைந்தது. கடைசியில் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு ஏழாவது கேள்வியை இப்படி எழுதினார்: "வாய்க்குள் போனது திரும்பி வெளியே வந்ததா? கடைசியாக எப்போது? வந்தது என்ன நிறம்?" ஆம், இல்லை என்று முடிக்க இடமில்லாத கேள்வி. கலைவாணி, உன் வரைவில் அந்த இடத்தில் இரண்டு கட்டங்கள் மட்டும் இருக்கின்றன.

நான் ஓய்வுபெற்ற மாதத்தில் ஸ்டெல்லா கிளினிக்குக்கு வந்தார். ஆரோக்கியம் பின்னால், கையில் கோப்புகளோடு. நான் போய் முன்னால் நின்றேன். ஸ்டெல்லா மரியாதையாகச் சிரித்தார், புதியவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

"யாருன்னு தெரியலையா? நம்ம போன் சிஸ்டருடி," என்றார் ஆரோக்கியம்.

"அப்படிங்களா? வணக்கங்க சிஸ்டர்."

"ஆரோக்கியம் இப்ப எத்தனை தெரியுது டீச்சர்?" என்று கேட்டேன். அந்தக் கதையை அவருக்கு மற்றவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"ஒண்ணுதாங்க," என்றார். "அதுவே அதிகம்."

ஸ்டெல்லா மறுபடி பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறார். பாயில் உட்கார்ந்து, கையூன்றாமல் எழும்புகிறார். நான் அவரோடு பேசிய புதன்கிழமைகளில் ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் இல்லை.